கார்டுக்கு ஏற்ற ப்ளேயர்

அந்த வீட்டில் டிவிடி போட்டால் படம் பார்க்கப் போகிறார்கள் என்று யாரும் ஏமாந்துவிடக் கூடாது. படம் எப்படித் தெரிகிறது என்று பார்க்கப் போகிறார்கள், அவ்வளவுதான். வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டால், திரையில் கதாநாயகி அழுகிறாளா சிரிக்கிறாளா என்பதெல்லாம் அவர் கண்ணில் படாது. அவள் வெடுக்கென்று தலையைத் திருப்பும்போது கன்னத்து ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு விழுகிறதா என்று பார்ப்பார். விழுந்தால் போச்சு. படத்தை நிறுத்தி, படத்தை ஓட்டுகிற அந்தப் ப்ளேயர் சாஃப்ட்வேரையே கம்ப்யூட்டரிலிருந்து வழித்துத் துடைத்து எறிந்துவிட்டு, வேறொன்றைப் போட ஆரம்பிப்பார். கதாநாயகி எதற்கு அழுதாள் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது.

டைல்ஸ் கடையில் விற்பனையாளர் அவர். பகலெல்லாம் நின்றுகொண்டே இருக்கும் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவருக்கு ஒரே ஒரு குழந்தை, அந்தக் கம்ப்யூட்டர்தான். அதற்குள் செருகுவதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினார். திரையில் தெரிகிற படத்தை வரைந்து தருவது அந்தக் கார்டின் வேலை. கார்டு வந்த நாளிலிருந்து, அதற்குப் பொருத்தமான ப்ளேயரைத் தேடுவது ஒரு பெரிய வரன் தேடும் படலமாகிவிட்டது. ஒரு ப்ளேயர் கார்டைக் கண்டுகொள்ளாமல் எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுச் செய்தது. பெட்டி சூடேறி மாவு மில் போலக் கத்தியது. இன்னொன்றில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். மூன்றாவது ப்ளேயர் கார்டைப் பார்த்ததுமே செத்து விழுந்தது. கடைசியில் ஒன்று அமைந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"இதுல ப்ளேயர் படத்தையே போடல, தெரியுமா? மொத்தத்தையும் கார்டு கையில குடுத்துடுது. கார்டு நேரா திரையில கொண்டு வந்து போடுது. நடுவுல ஒரு பய கிடையாது" என்று மனைவியிடம் சொன்னார்.

அவள் அடுப்படியிலிருந்து "ம்" என்றாள். அவளுடைய தம்பிதான் அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, இப்ப பாத்த படத்துல செத்தது யாரு, சொல்லுங்க பாப்போம்" என்றான் தம்பி.

"யாரு செத்தா என்னடா? இருட்டுல கறுப்பு எவ்வளவு கறுப்பா விழுது பாரு!"

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் எப்போதும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பான். மேல்வரிசையில் அவனுக்கு ஒரு தெற்றுப்பல் இருந்தது. மற்ற பற்களை முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். சின்ன வயதில் யாரோ கேலி செய்தது மனதில் ஏறிவிட்டது. அதன்பிறகு கேமராவைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்வான். அடையாள அட்டையிலிருந்து அடுத்த வீட்டுப் பிறந்தநாள் போட்டோவரை எதில் பார்த்தாலும் பல்வலிக்காரன் மாதிரியே இருப்பான். சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவன். எப்போது பார்த்தாலும் நகக்கண்ணில் ஏதாவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். அவனுக்கு இந்தப் ப்ளேயர் ஆராய்ச்சியெல்லாம் ஏறவே ஏறாது. மாமா இல்லாத நேரத்தில் வந்தால், கம்ப்யூட்டரோடு கூடவே வந்த பழைய சாதா ப்ளேயரில் படத்தைப் போட்டு, முகமெல்லாம் கோடு கோடாகத் தெரிந்தாலும் கவலையில்லாமல் கடைசிவரை பார்த்துவிட்டுப் போவான்.

அவனுக்கு இவள் அக்கா. சட்டை தைக்கும் ஆலையில் கடைசி மேஜை அவளுடையது. தைத்து முடித்த சட்டைகள் அங்கே வந்து, அவள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மடிப்புக்குப் போகும். மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் ஒரு சட்டையையும் விடமாட்டாள். அதற்காகவே அவளைக் கரித்துக்கொட்டுகிறவர்கள் அங்கே நிறையப் பேர். கரித்துக்கொட்டுகிறவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் பிறந்ததிலிருந்து அப்படிக் கூப்பிட உரிமையுள்ளவன் ஒருவன்தான் இருந்தான்.

அவனும் போய்ச் சேர்ந்தான். போன வருஷம், மூன்றாவது மாடிக்குக் கட்டியிருந்த சாரம் சரிந்துவிட்டது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

தம்பி மனைவி சின்ன வயதுக்காரி. அவளுக்கு இன்னொரு கல்யாணம் பேசினார்கள். "பண்ணிக்க. எத்தனை நாள் இப்படியே இருப்ப?" என்று முதலில் சொன்னவளே அக்காதான். மனதாரத்தான் சொன்னாள். சொன்ன பிறகு இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அது வேறு விஷயம்.

ஊரை விட்டுப் போவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு டிவிடியை எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள். அவர்களுடைய கல்யாண டிவிடி. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வீடியோ எடுத்தவன் கடையை மூடிக்கொண்டு எங்கேயோ போய்விட்டான்.

"இத நான் அந்த வீட்டுக்குக் கொண்டு போக முடியாது அண்ணி. அப்படியே விட்டுட்டுப் போகவும் முடியல. உடைச்சுப் போட்டுடலாம்னு இருக்கேன்."

அக்கா டிவிடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "எங்கிட்ட குடுத்துட்டுப் போயேன்மா. நான் பத்திரமா வச்சுக்கறேன்."

"உங்கள நம்பலன்னு நெனச்சுக்காதீங்க. இதுல நான் கல்யாணப் பொண்ணா உக்காந்திருக்கேன். நாளைக்கு வீட்டுக்கு வர்ற யாராச்சும் தெரியாம போட்டுப் பாப்பாங்க. அது இனிமே வரப்போறவரு காதுக்குப் போகும். வேணாம் அண்ணி." கைப்பையை மூடிவிட்டுத் தொடர்ந்தாள்: "அவரு சிரிப்பாரே, அது உங்களுக்கு வேணும்னு எனக்குத் தெரியும். அவரு முகம் மட்டும் எத்தனை போட்டோ வேணும்னாலும் இதுலேர்ந்து எடுத்துக்குங்க. நான் இருக்கற எடம் வேணாம். முழுசா நகல் எடுக்கவும் வேணாம். காலைல கொண்டு வந்து குடுத்துடுங்க."

இதில் அநியாயம் என்று எதைச் சொல்வது? அக்கா சரி என்றாள். கையில் அடித்துச் சத்தியம் செய்யவில்லை என்றாலும் அது சத்தியம்தான்.

அந்தச் சிரிப்பு வந்த கதை அக்காவுக்குத்தான் முழுசாகத் தெரியும். கல்யாணத்தன்று வீடியோக்காரன் "கொஞ்சம் சிரிங்க சார், கொஞ்சம் சிரிங்க சார்" என்று மாப்பிள்ளையின் தலையைத் தின்றுகொண்டிருந்தான். தம்பி உதட்டைத் தையல் போட்ட மாதிரி இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்கா கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "டேய், வாயத் தொறடா. ஈ எதுவும் உள்ள போகாம நான் பாத்துக்கறேன்" என்றாள். அவ்வளவுதான். கையைக் கொண்டுபோய்ப் பொத்தக்கூட மறந்துவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, தெற்றுப்பல் முழுசாகத் தெரிய அவன் வெடித்துச் சிரித்தான். அவன் வாழ்ந்த காலத்தில் கேமராவுக்கு முன்னால் வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் அக்காவுக்காகத்தான் சிரித்தான்.

சாயங்காலம் வீட்டுக்காரர் களத்தில் இறங்கினார். இத்தனை காலம் வெட்டி வேலை என்று பேர் வாங்கிய தன் வித்தைக்கு முதல்முறையாக ஒரு காரியம் வந்திருக்கிறது என்ற மிதப்பு அவர் நடையிலேயே தெரிந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். கண்ணாடி துடைக்கிற துணியால் டிவிடியைத் துடைத்தார். ப்ளேயரைத் திறந்தார்.

"என்னங்க, அவன் படம் பாப்பானே, அந்தப் பழைய ப்ளேயர், அதுலயே எடுத்துடுங்களேன். அதுதான் தொல்லை இல்லாம ஓடும்" என்றாள் அக்கா. அவளுக்குக் காரணம் ஒன்றும் இல்லை. தம்பி பழகிய பொருள் என்பதால் வந்த ஆசை.

அவர் முகம் கோணிக்கொண்டது. "அதுலயா? சிரிக்கறப்ப தலைய ஆட்டுவான். முகம் பூரா கோடு கோடா வரும். காலம் பூரா வச்சுக்கப்போற போட்டோ, கீறல் விழுந்த மாதிரி இருந்தா நல்லாவா இருக்கும்? இந்தக் கார்டுக்கு இந்தப் ப்ளேயர்தான். நீ பேசாம உக்காரு."

அவள் பேசாமல் உட்கார்ந்தாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும், படம் அபாரமாக இருந்தது. தம்பி அங்கே உயிரோடு நடமாடினான். நகத்து ஓரத்தில் தேய்த்தும் போகாமல் நின்ற நீல பெயிண்ட்கூடத் தெரிந்தது. சிரிப்பு வந்த இடத்தில் வீட்டுக்காரர் படத்தை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவனை அவருக்குப் பிடிக்கும். அவரை மாமா என்று கூப்பிட்டு வம்பிழுக்க வேறு யார் இருந்தார்கள்? அந்த அழுகையை மறைக்கத் தெரியாமல், "பின்னாடி அந்தக் கதவு எப்படிக் கறுகறுன்னு விழுந்திருக்கு பாரு" என்றார்.

பிறகு வேலை மும்முரமாக நடந்தது. படத்தை நிறுத்துவார். திரையில் இருப்பதை அப்படியே படம் பிடிக்கிற பொத்தான் ஒன்று கீபோர்டில் உண்டு, அதை அழுத்துவார். ப்ளேயரை மூடாமலே, படம் வரையும் சாஃப்ட்வேரைத் திறந்து அதில் ஒட்டுவார். தம்பி அதில் வந்து உட்காருவான். பெயர் கொடுத்துச் சேமித்துவிட்டு, அடுத்த இடத்துக்குப் போவார். சிரிப்பதற்கு முன்பு, சிரிப்பு தொடங்கும்போது, நடுவில், தணியும்போது, தணிந்து அக்காவை முறைக்கும்போது. ஒட்டிய படங்களில் கீழே ஒரு கறுப்புப் பட்டை இருந்தது.

"அது என்னங்க கீழ கறுப்பா?"

"அது அப்படித்தான் வரும். ஓரத்த வெட்டிக்கலாம்."

எல்லாம் முடிந்தது. அக்காவின் கைக்கு ஆலைப் பழக்கம் வந்துவிட்டது. "முதல்ல எடுத்தத ஒரு தடவை தொறந்து காட்டுங்க" என்றாள்.

அவர் திறந்தார். அதில் தம்பி முறைத்துக்கொண்டிருந்தான். அக்கா முன்னால் குனிந்து பார்த்தாள். முறைப்பது கடைசியில் எடுத்ததாயிற்றே. முதலில் எடுத்தது சிரிப்பதற்கு முன்னால் அல்லவா?

"இது கடைசில எடுத்ததுங்க."

"ரெண்டு தடவை சேமிச்சிருப்பேன். இப்ப அதுக்கு என்ன?"

"இல்லங்க, எல்லாத்தையும் மூடிட்டு, முதல்லேர்ந்து ஒண்ணொண்ணா..."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உன் ஆலைல சட்டையத் திருப்பிப் பாக்கற மாதிரி இதையும் திருப்பிப் பாக்கணுமா? ராத்திரி பகலா இதையே பாத்துட்டிருக்கறவன் சொல்றேன், எல்லாம் இருக்கு. உன் கண்ணால பாக்கலையா, வந்து உக்காந்தானா இல்லையா?"

பார்த்தாள்தான். ஒவ்வொன்றிலும் அவன் வந்து உட்கார்ந்ததைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். இந்த டிவிடிக்கு முன்னால் சண்டை போட அவளுக்கு மனம் வரவில்லை. ஏதோ ஒரு படம் இரண்டாகிவிட்டது, போகட்டும், சிரிப்பு இருந்தால் போதும் என்று விட்டுவிட்டாள். வருஷக்கணக்கில் ஒரு காலரைக்கூட நம்பாதவள், அன்றைக்கு நம்பினாள். அவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

காலையில் ஆலைக்குப் போகிற வழியில் தம்பி வீட்டில் இறங்கினாள். கூடத்தில் அட்டைப்பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. சுவரெல்லாம் தம்பி அடித்த பெயிண்ட், இளம்பச்சை. தம்பி மனைவி டிவிடியை வாங்கிக்கொண்டாள்.

"கெடைச்சுதா அண்ணி?"

"கெடைச்சுது. நல்லா வந்திருக்கு. உங்க அண்ணன் பிரமாதமா எடுத்திருக்காரு."

"நீங்க இருக்கறப்பவே பண்ணிடறேன். அப்புறம் என்னால முடியாது."

டிவிடியை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தாள். அது வளைந்ததே தவிர உடையவில்லை. இன்னொரு தடவை வளைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்காவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"குடு இங்க" என்று வாங்கினாள். கைப்பையில் எப்போதும் ஆலைக் கத்தரிக்கோல் இருக்கும். ஒரே வெட்டு, அப்புறம் குறுக்கே ஒன்று, அப்புறம் இன்னும் சின்னதாக. துணி வெட்டிப் பழகிய கை. அது தயங்கவே இல்லை. சில்லுகள் குப்பைக்கூடையில் பளபளவென்று விழுந்தன. தம்பி மனைவி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அக்கா அழவில்லை. என் தம்பி என் வீட்டில் பத்திரமாக இருக்கிறான் என்ற தைரியம் அவளுக்கு.

அன்று சாயங்காலம், நல்லதாக ஒன்றைப் பொறுக்கி ஸ்டுடியோவில் பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்டச் சொல்லலாம் என்று, வந்ததும் வராததுமாக அவரைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்தாள். அவர் முதல் படத்தைத் திறந்தார்.

கறுப்பு.

சுற்றிலும் ப்ளேயரின் பொத்தான்கள், மேலே அதன் பெயர், கீழே ஓடிய நேரம், எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தன. நடுவில் மட்டும் ஒரு கறுப்புக் கட்டம். அடுத்ததைத் திறந்தார். கறுப்பு. அதற்கடுத்தது, கறுப்பு. மடமடவென்று எல்லாவற்றையும் திறந்தார். ப்ளேயர் எல்லாப் படத்திலும் அழகாக இருந்தது.

"என்னங்க இது?"

"இரு, இரு. ஏதோ சின்ன விஷயம்." அணைத்துப் போட்டார். வேறு சாஃப்ட்வேரில் திறந்தார். கறுப்பைக் கொஞ்சம் வெளுப்பாக்கிப் பார்த்தார். சாம்பல் நிறமானது, அவ்வளவுதான். அவர் நெற்றி வியர்த்துவிட்டது. அக்கா நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் ரொம்ப நேரம் அந்தக் கறுப்பையே வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று நிமிர்ந்தார். கடைக்கு வந்தவர் கேட்ட டைல்ஸ் கிடங்கில் கிடைத்துவிட்டால் அவர் முகம் இப்படித்தான் ஆகும்.

"புரிஞ்சுடுச்சு! ப்ளேயர் படத்தைப் போடல, கார்டுதான் போடுதுன்னு சொன்னேன்ல? அப்படின்னா ப்ளேயர் என்ன பண்ணும்? திரையில ஒரு கறுப்புக் கட்டத்த மட்டும் போட்டு வைக்கும். அந்தக் கறுப்பு எங்க இருக்கோ, அது மேல கார்டு படத்தைக் கொண்டு வந்து காட்டும். நாம புடிச்சது அந்தக் கறுப்பத்தான். அதை ஒட்டறப்ப பின்னாடி ப்ளேயர் தொறந்தே இருந்துச்சா, இந்தக் கறுப்பு மேலயும் கார்டு அவனக் காட்டிடுச்சு. அதான் நாம நெஜம்னு நம்பிட்டோம். நீ சொன்னியே, முதல் படத்துல கடைசிப் படம் தெரியுதுன்னு? அது இதனாலதான்!"

"அப்ப அவன் எதுலயும் இல்ல."

"இல்ல... இருக்கற மாதிரி தெரிஞ்சிருக்கு."

"அந்தப் பழைய ப்ளேயர்ல எடுத்திருந்தா?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அது கார்டக் கண்டுக்காது. அதுல எடுத்திருந்தா வந்திருக்கும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா கோடு கோடாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

கோடு கோடாக இருந்தால் என்ன? முகமெல்லாம் சீப்புப் பல் விழுந்து, கன்னம் நான்காகக் கிழிந்து தெரிந்தால்தான் என்ன? கோட்டுக்கு நடுவில் தம்பி இருந்திருப்பான். தன் கத்தரிக்கோல் அந்தத் தகட்டில் இறங்கிய சத்தம் அவளுக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. காலையில் விழவேயில்லை. இந்த மனிதரைக் கண்டபடி திட்ட வேண்டும் போல இருந்தது. திருப்பிப் பார்க்காமல் சரி என்று அனுப்பியவள் நீதானே என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

அவளுடைய மௌனத்தை அவர் நம்பாமை என்று எடுத்துக்கொண்டார்.

"நம்பலையா? இப்பவே காட்டறேன் பாரு" என்று அலமாரியிலிருந்து கைக்குக் கிடைத்த ஒரு சினிமா டிவிடியை எடுத்துப் போட்டார். ப்ளேயர் ஓடத் தொடங்கியது. அதற்கு மேலே முதல் கறுப்புப் படத்தைத் திறந்து வைத்தார். அது தம்பி சிரிப்பதற்கு முன்னால் எடுத்தது.

கறுப்பு விலகியது. தம்பி இருக்க வேண்டிய கட்டத்தில் யாரோ ஒரு நடிகன் கடற்கரையில் ஓடி வந்தான். ஓடி வந்து நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் திறந்து சிரித்தான். ஒரு கோடு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை, படம் கண்ணாடி மாதிரி இருந்தது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல? கார்டு மேல ஒரு தப்பும் இல்ல" என்றார் அவர்.

அக்கா பார்த்தாள். அந்த வாயில் ஒரு பல்கூடக் கோணலாக இல்லை.